எண்ணெய் வைத்த குதிரையும் பிந்தி வந்த வதனியும்

ஜேர்மனியில் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லக் கூச்சப்படுகிறவன் படாத பாடு படுவான். நான் பட்டேன். என்னோடு சேர்ந்து, ஒரு பாவமும் அறியாத ஒரு குதிரையும் பட்டது.

நான் நெடுந்தீவில் பிறந்தவன். இரண்டாயிரத்து நான்கில், ஹம் நகருக்கு வெளியே ஒரு குதிரைப் பண்ணையில் வேலை கேட்டுப் போனபோது பண்ணைக்காரி ஃபிராவ் ஹோல்ஷர், “உங்கள் ஊரில் குதிரைகள் உண்டா?” என்று கேட்டார். “நிறைய உண்டு” என்றேன். அது பொய்யில்லை. நெடுந்தீவில் மட்டக்குதிரைகள் கூட்டம் கூட்டமாகத் திரியும். ஆனால் அவை யாரும் வளர்க்காமல் தானாகத் திரியும் கட்டாக்காலிகள். அவற்றுக்கும் எனக்கும் இருந்த உறவெல்லாம், அவை எங்கள் தோட்டத்துக்குள் நுழையும்போது நான் கல்லெறிவதும் அவை ஓடுவதும்தான். (எறிந்த கல் ஒன்றுகூடப் பட்டதில்லை.) ஜேர்மனிக்கு வந்து பல வருடமாகியும், இதையெல்லாம் விளக்குமளவுக்கு எனக்கு டொச் மொழி தெரியாது. ஃபிராவ் ஹோல்ஷர் என்னைப் பரம்பரைக் குதிரைக்காரன் என்று முடிவு கட்டிவிட்டார். நானும் தலையை ஆட்டி வைத்தேன்.

எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. ஊருக்குப் போய்க் கலியாணம் முடித்த கையோடு மனைவி வதனியைக் கொழும்பில், வெள்ளவத்தையில் அவளுடைய பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்திருந்தேன். அவளை ஜேர்மனிக்குக் கூப்பிடுவதென்றால் நிரந்தர வேலை ஒப்பந்தம் காட்ட வேண்டும். என்னிடம் இருந்ததோ தற்காலிக வேலை: குதிரை லத்தி அள்ளுவது, வைக்கோல் போடுவது, மறுபடியும் லத்தி அள்ளுவது.

நவம்பரில் ஒரு நாள் ஃபிராவ் ஹோல்ஷர் என்னைக் கூப்பிட்டு லோட்டேயைக் காட்டினார். லோட்டே அவர் புதிதாக வாங்கியிருந்த கறுப்புப் பெண்குதிரை. கறுப்பு என்றுதான் சொன்னார். எனக்கு அடுப்புச் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. குளம்புகள் காய்ந்து, பனிக்காலத்துக் குதிக்கால் மாதிரி வெடித்திருந்தன.

“இரண்டு கிழமையில் இவளை வாங்க ஒருவர் வருகிறார்” என்றார். “தினமும் நன்றாகத் தேய்த்துத் துலக்குங்கள். தீவனத்தில் ஆளிவிதை கலவுங்கள். குளம்புக்கு மட்டும் கொஞ்சமாகக் கொழுப்புப் பூசுங்கள். இவள் விலைப்பட்டால் உங்களுக்கு நிரந்தர ஒப்பந்தம் எழுதித் தருகிறேன்.”

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. லோட்டே மினுங்கினால் வதனி வருவாள். மினுங்காவிட்டால் வரமாட்டாள். என் இல்லறம் முழுவதும் ஒரு குதிரையின் முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அடுத்த நாளிலிருந்து தேய்த்தேன். காலையில் தேய்த்தேன், மாலையில் தேய்த்தேன். வழவழப்பானது என் உள்ளங்கை மட்டுமே. லோட்டே அப்படியே சாம்பலாக நின்று, என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள். வாங்குகிறவர் வருவதற்கு முதல் நாள், தொலைபேசி அட்டையைச் சுரண்டி வெள்ளவத்தைக்கு எடுத்தேன்.

“வதனி, சரிவராது போல கிடக்கு. ரோமம் வறண்டு போச்சு, குளம்பும் வெடிச்சுப் போச்சு.”

“என்னப்பா நீங்கள், இதுக்குப் போய் அழுறியள்! தலை வறண்டா நாங்கள் என்ன செய்யிறனாங்கள்? தேங்காயெண்ணெயை இளஞ்சூடாக்கி வைச்சு ஊறவிடுறேல்லையோ?”

“இது குதிரையெல்லோ?”

“குதிரைக்குத் தோல் இல்லையோ? நல்லாத் தாராளமா வையுங்கோ. பிடரி மயிருக்கும் வையுங்கோ. குளம்புக்கும் ரெண்டு கை பூசிவிடுங்கோ.”

பண்ணைக்காரி முப்பது வருடமாகக் குதிரை வளர்ப்பவர். வதனி குதிரையைக் கிட்டப்போய்ப் பார்த்ததே இல்லை. நான் யாருடைய பேச்சைக் கேட்டேன் என்று சொல்லவும் வேண்டுமா? (கலியாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகாதவனின் புத்தி அது.)

தமிழ்க் கடையில் பெரிய போத்தல்களாக அள்ளிக்கொண்டு வந்தேன். மறுநாள் சனிக்கிழமை காலை, ஃபிராவ் ஹோல்ஷர் வருவதற்கு முன்பே லோட்டேயைக் குளிப்பாட்டும் அறைக்குக் கொண்டுபோனேன். ஈரக் குதிரைகளை உலர்த்த அங்கே மேலே சூட்டு விளக்குகள் உண்டு. விளக்கைப் போட்டு, எண்ணெயைச் சூடாக்கி, நெற்றியிலிருந்து வால்வரை பூசினேன். பனிக்காலத்துக்காகத் தடித்து வளர்ந்திருந்த ரோமம் எண்ணெயை இழுத்துக் குடித்தது. நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். லோட்டே கண்ணை மூடிச் சுகித்து நின்றாள்.

பூசி முடித்து விலகி நின்று பார்த்தபோது என் கண்ணையே நம்ப முடியவில்லை. அப்படியொரு கறுப்பு! அப்படியொரு மினுக்கம்! குளம்புகள் நான்கும் புதுச் சப்பாத்துப்போல இருந்தன. அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துவதாக நேர்ந்துகொண்டேன். மனதுக்குள் வதனி விமானத்தில் ஏறி இடைவாரும் கட்டிவிட்டாள்.

வாங்குகிறவர் வந்து இறங்கியதுமே பார்க்கட்டும் என்று லோட்டேயை முற்றத்தில் கொண்டுவந்து கட்டினேன். தரையில் உறைபனி. அவர் வரும் பாதையில் நெரிசலாம், பிந்திவிட்டார்.

முதலில் பின்பக்கத்தில் ஒரு வெள்ளைத் திட்டுத் தெரிந்தது. தூசி என்று நினைத்துத் தட்டினேன். போகவில்லை. பிறகு வயிற்றில் ஒன்று. பிறகு கழுத்தில். என் கண் முன்னால், நின்ற நிலையிலேயே, ஒரு கறுப்புக் குதிரை வெளிறிக்கொண்டு போனது.

ஒன்பது பனிக்காலமாக, ஒவ்வொரு காலையும் என் எண்ணெய்ப் போத்தலை ஹீற்றருக்கு மேல் வைத்து உருக்கித் தலைக்கு வைக்கிறவன் நான். ஜேர்மனியில் தேங்காயெண்ணெய் உறையும் என்பதை என் கை அறிந்திருந்தது, கண் அறிந்திருந்தது. தலைக்கு மட்டும்தான் எட்டவில்லை. அந்தோனியாருக்கு ஒரு சின்ன மெழுகுதிரிதான் நேர்ந்தேன். அவர் அவசரப்பட்டு ஒரு முழுக் குதிரையையே மெழுகுதிரியாக்கிவிட்டார்.

பதறிப்போய், சூடு பிடிக்கட்டும் என்று அவளைக் கொட்டிலுக்குள் விட்டேன். அது அடுத்த முட்டாள்தனம். உடம்பெல்லாம் பிசுபிசுத்த லோட்டே, கீழே போட்டிருந்த மரத்தூளில் விழுந்து, இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை ஆசைதீர உருண்டாள். எழுந்தபோது, பொரிப்பதற்கு மாவில் புரட்டி வைத்த மீன்போல இருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஃபிராவ் ஹோல்ஷர் வாங்குகிறவரை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அவர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். கையுறையைக் கழற்றி லோட்டேயின் கழுத்தைத் தடவினார். கையை எடுத்துப் பார்த்தார். பிறகு மணந்து பார்த்தார்.

“நத்தார்ப் பண்டிகைத் தேங்காய் பிஸ்கட் வாசனை வருகிறதே” என்றார்.

நல்ல மனிதர். சிரித்தார். சிரித்துக்கொண்டே காரில் ஏறிப் போய்விட்டார்.

லோட்டே நடுங்கத் தொடங்கினாள். எனக்கு இன்றைக்கும் மனம் பொறுக்காதது அந்த நடுக்கம்தான். சுடுநீரும் சவர்க்காரமுமாக அவளைக் கழுவினோம். எண்ணெய் அசையவில்லை. கடைசியில் ஃபிராவ் ஹோல்ஷர் மயிர் வெட்டும் இயந்திரத்தை எடுத்து ரோமம் முழுவதையும் சிரைத்தார். மினுங்கும் ரோமம் கேட்டவருக்கு நான் ரோமமே இல்லாத குதிரையைக் கொடுத்தேன். பனிக்காலம் முழுவதும் அந்தப் பிராணி போர்வையோடு நின்றது.

அன்று கடைசிப் போர்வையையும் கட்டி முடித்தபின் ஃபிராவ் ஹோல்ஷர் அமைதியாகக் கேட்டார்.

“உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் தீவில் குதிரைகளை என்னதான் செய்வீர்கள்?”

“கல்லெறிவோம்” என்றேன்.

மாத முடிவில் என் தற்காலிக வேலையும் முடிந்தது.

வதனிக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். முதலில் சண்டைக்கு வந்தாள். “எண்ணெய் உறையும் எண்டு எனக்கென்ன தெரியும்? இஞ்ச போத்தலுக்குள்ள எந்த நாளும் தண்ணி மாதிரித்தானே கிடக்கு. குளிருக்குள்ள இருக்கிறது நீங்களெல்லோ!”

பிறகு கேட்டாள்:

“அப்ப, தை மாசம் வர ஏலாதோ?”

“ஏலாது.”

அவள் அழுதது எனக்குக் கேட்டது. குளிருக்கென்று வாங்கி வைத்திருந்த கம்பளிச் சட்டையைப் பெரியம்மா மறுபடி பெட்டிக்குள் வைத்துவிட்டாராம். செத்துப்போகலாம்போல இருந்தது.

பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை எடுத்து, அங்கே நிரந்தரமாகி, வதனி வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் பிந்திவிட்டது. வீட்டில் எது பிந்தினாலும் பழி லோட்டேக்குத்தான். பஸ் பிந்தினாலும் குதிரை, சோறு பிந்தினாலும் குதிரை.

போன மாதம் எங்கள் மகள் சாப்பாட்டு மேசையில் முறைப்பாட்டைத் தொடங்கினாள். அவளுக்குப் பதினேழு வயது. இங்கத்தைய சட்டப்படி கார் ஓடலாம், ஆனால் பதினெட்டு வரும்வரை பக்கத்தில் நான் உட்கார வேண்டும்.

“என்ர சிநேகிதப்பிள்ளையள் எல்லாம் தனிய ஓடுகினம். எனக்கு மட்டும் பக்கத்தில அப்பா. வெக்கமாக் கிடக்கு.”

“அதைக் கொப்பரிட்டக் கேள்” என்று வதனி என்னைக் காட்டினாள். “அந்தக் குதிரை மட்டும் உறையாமல் இருந்திருந்தா உனக்குப் போன வருசமே பதினெட்டு.”

நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டேன். மகள் கொஞ்சம் யோசித்தாள்.

“இல்லையம்மா. அந்தக் குதிரை மினுங்கியிருந்தா, போன வருசம் பதினெட்டு வயது வந்திருக்கிறது வேற ஆரோ ஒரு பிள்ளைக்கு. நான் இருந்திருக்க மாட்டன்.”

வதனி கரண்டியைக் கீழே வைத்தாள். மகளை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள்.

“அப்ப இன்னும் ரெண்டு போத்தல் ஊத்தியிருக்கலாம்” என்றாள்.