அகர வரிசையில் எங்கள் குடி

எனக்குச் சுகி மச்சாளில் பொறாமை. அண்ணாவின் மனைவி என்பதால் இதை வெளியில் சொல்லக்கூடாது. ஆனால் ஊருக்கே தெரிந்துவிட்டதால் நானே எழுதிவிடுகிறேன்.

நான் பழுகாமத்தில் கணினி படிப்பிக்கும் ஆசிரியை. திறந்த மூல மென்பொருளில் எனக்குப் பக்தி. இலவசம், யாரும் உள்ளே புகுந்து திருத்தலாம். கோயில் அலுவலகக் கணினியில் அதைப் போட்டுக் கொடுத்து, நிர்வாக சபைக்கு ஒரு மணித்தியாலம் சுதந்திரத்தைப் பற்றி முழங்கினேன். "புடிக்காட்டி நீங்களே மாத்தலாம்!" என்று முடித்தபோது இரண்டு பேர் நித்திரை. கோயிலை நடத்தும் வண்ணக்கர் மாமா மட்டும், "எல்லாம் சரி புள்ள, கடிதம் எழுதுறது எங்க இருக்கு?" என்று கேட்டார்.

பிறகு ஒரு பின்னேரம் சுகி மச்சாள் அதன் முன் உட்கார்ந்தார். நான் சொல்லிக்கொடுத்த அரைகுறை வித்தைதான். (அரைகுறை அவருடையது, வித்தை என்னுடையது.) எழுத்தைப் பெரிதாக்கினார். திரையில் அம்மன் படம் போட்டார். பட்டன்களுக்கு "கடிதம் எழுத", "அச்செடுக்க" என்று பெயர் வைத்தார். மறுநாள் வண்ணக்கர் மாமா தானே ஒரு கடிதம் அச்செடுத்து ஊரெல்லாம் காட்டித் திரிந்தார்.

"சுகிட கொம்பியூட்டர் நல்ல லேசு கா!"

சுகிட கொம்பியூட்டராம்! போட்டுக் கொடுத்தது நான்!

திருவிழா அழைப்பிதழான விஞ்ஞாபனம் அடிக்கும் நேரம் வந்தது. எங்கள் கோயிலில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடிக்கு. குடி என்பது தாய்வழி வரும் வம்சம். எது முன், எது பின் என்ற வரிசையில் யாரும் கைவைப்பதில்லை. பட்டியலைத் தட்டச்சு செய்த சுகி மச்சாள், "அச்சகத்துக்கு அனுப்ப முந்தி ஒருக்காப் பாருங்க மச்சாள்" என்றார்.

ஒரு பிழையும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவருக்குத் தெரியாத ஒன்றையாவது செய்து காட்ட வேண்டாமா? அகர வரிசைப் பட்டனை அமத்தினேன். நாள்கள் அப்படியே நிற்க, குடிகள் மட்டும் இடம் மாறின. அது என் மூளையில் ஏறவில்லை. மூளைக்குள் சுகி மச்சாள் மட்டுமே இருந்தார். "ஒழுங்குபடுத்திவிட்டேன்" என்ற பெருமையோடு அனுப்பினேன்.

விஞ்ஞாபனம் அச்சாகி வந்த அன்று கோயில் வாசலில் பெரிய சத்தம். ஏழாம் நாள் செய்யும் எங்கள் குடி முதலாம் நாளில் நின்றது. முதலாம் நாள் செய்யும் சுகி மச்சாளின் குடி கடைசியில் கிடந்தது.

"உங்கட குடிய முன்னுக்குக் கொண்டு வாறதுக்கோ புள்ள நீ படிச்ச?" என்றார் வண்ணக்கர் மாமா.

"இல்ல மாமா, அது கொம்பியூட்டர் தானாச் செய்தது."

"சுகி இருக்கக்குள்ள அது அப்படிச் செய்யல்லையே!"

சுகி மச்சாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னில கோவமெண்டா என்னட்டச் சொல்லியிருக்கலாமே மச்சாள்."

நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. அவருடைய சிரிப்பில், சமையலில், அந்தப் பாழாய்ப்போன பட்டன்களில் எல்லாம் எனக்குப் பொறாமைதான். ஆனால் குடி விஷயம் தெரியாமல் செய்தது. அதை இன்றுவரை ஒருவரும் நம்பவில்லை. சரியான பட்டியலை அச்செடுத்து, விஞ்ஞாபனம் ஒவ்வொன்றிலும் பசை தடவி ஒட்டினேன். கேட்காமலே சுகி மச்சாளும் வந்து உட்கார்ந்தார். என்னைவிட நேராக ஒட்டினார். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

இப்போதும் நான் சோறு பரிமாற எழுந்தால் அண்ணா, "அகர வரிசையிலயோ போடப்போறாய்?" என்பார். கோயிலில் இன்றும் அதே திறந்த மூல மென்பொருள்தான். சென்ற மாதம் போய்ப் பார்த்தேன். அகர வரிசைப் பட்டனின் பெயரைச் சுகி மச்சாள் மாற்றியிருந்தார்: "மச்சாள் – அமத்த வேணாம்".

வண்ணக்கர் மாமாவிடம் முறையிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "புடிக்காட்டி மாத்தலாமெண்டு நீதானே புள்ள சொன்ன."