வெந்நீர் அடுப்பில் வெந்த மாட்யூல்கள்

தப்பே செய்யாமல் திருடன் மாதிரி முழிப்பதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. செக்போஸ்டில் பஸ் நின்றால், பையில் இருக்கும் பலாப்பழத்துக்காகக்கூட எனக்கு வியர்க்கும்.

தொண்ணூறுகளின் கடைசி. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீஸில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். (படிப்பு ஒன்பதாம் வகுப்போடு சரி. அதனால் வேலை எந்த நிமிஷமும் போய்விடும் என்று தினமும் நம்பினேன்.) லாரியில் ஏற்றும் ஒவ்வொரு மூட்டைக்கும் ரகமும் எடையும் போட்ட சீட்டு கட்ட வேண்டும். அதை அச்சடிக்க பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் நானே ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். அது ஓட, யாரோ புண்ணியவான்கள் எழுதிவைத்த மூன்று மாட்யூல்கள், அதாவது துணைப் புரோகிராம்கள், தேவை. அவற்றை சர்வரில் எல்லோருக்கும் பொதுவாக நிறுவ அட்மின் பாஸ்வேர்ட் வேண்டும். அது சேலத்திலிருந்து மாதம் ஒருமுறை வரும் மல்லிகா மேடத்திடம் மட்டுமே இருந்தது. சர்வருக்கு மேலே அவர் ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸும் ஒட்டியிருந்தார். முதல் வரி: அனுமதியில்லாமல் எதையும் நிறுவக் கூடாது.

நான் என்ன செய்தேன்? பிளாப்பியில் கொண்டுவந்த மாட்யூல்களை, சர்வரில் எனக்கென்று ஒதுக்கிய இடமான டைரக்டரிக்குள்ளேயே நிறுவி, 'அங்கே போய்த் தேடு' என்று புரோகிராமில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். ஆறு மாதம் சீட்டு அருமையாக வந்தது. மேடம் வரும் நாளெல்லாம் எனக்குத் தவறாமல் காய்ச்சலும் வந்தது.

ஒருநாள் காலை, ஆபீஸில் கணக்கு எழுதும் ரைட்டர் சவரிமுத்து போனை வைத்துவிட்டுச் சொன்னார்: “கண்ணு, மேடம் குப்பனூர் தாண்டி மலையேறிட்டாங்களாம். இன்னைக்கு சர்வரை முழுசா சோதிக்கப் போறாங்களாம்.”

அவ்வளவுதான். மாட்யூல்களை ஒன்றுவிடாமல் அழித்தேன். பிளாப்பிகளைக் கொண்டுபோய் ஆபீஸுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்த வெந்நீர் அடுப்பில் போட்டேன். நிம்மதியாகத் திரும்பி வந்தால், வாசலில் லாரி.

“சீட்டு அடி கண்ணு,” என்றார் ரைட்டர். “மத்தியானத்துக்குள்ள சேலத்துல எறக்கோணும். இல்லீன்னா லோடே வேண்டாங்கறாங்க.”

அடித்தேன். மாட்யூலைக் காணோம் என்றது திரை. மேடம் பறித்துவிடுவார் என்று பயந்த வேலையை நானே என் கையால் அடுப்பில் போட்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து மேடம் நுழைந்தார். “ஏன் தம்பி, இப்படி முழிக்கறீங்க?”

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“உங்க டைரக்டரிலதானே வெச்சிருந்தீங்க? நோட்டீஸ்ல ரெண்டாவது வரியப் படிக்கலீங்களா?”

படித்தேன். 'அவரவர் டைரக்டரிக்குள் தாராளமாக நிறுவிக்கொள்ளலாம்.' ஆறு மாதமாக என் மூக்குக்கு நேர் எதிரே!

“சரி விடுங்க, மறுபடி போட்டுக்கலாம். பிளாப்பியக் குடுங்க.”

“வெந்நீர் அடுப்புல இருக்குதுங்க.”

ரைட்டர் இடையில் புகுந்தார். “அட சாமி! அதுவா அந்த நாத்தம்? நானு எலி செத்துக் கெடக்குதுன்னு பீரோவையெல்லாம் நகத்திட்டேன்!”

பிறகு ஆபீஸே உட்கார்ந்து கையால் சீட்டு எழுதியது. மேடம், ரைட்டர், மூட்டைக்கு எடை போடும் பூங்கொடி, நான். என் சீட்டைப் பார்த்து டிரைவர், “ஏனுங்க, இது ஒன்னுங்களா, ஏழுங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பூங்கொடிதான், “அழிக்கறதா இருந்தாலும் மொதல்ல லாரி போகட்டும்னு இருந்திருக்கலாமுங்க” என்றபடி என்னுடையதையும் பிடுங்கித் திருப்பி எழுதினாள். லாரி நேரத்துக்குப் போய்விட்டது. அடுத்த வாரம் மேடமே மாட்யூல்களைக் கொண்டுவந்து பொதுவில் நிறுவினார். வேலை போகவில்லை.

பூங்கொடி பிறகு என்னையே கட்டிக்கொண்டாள். இன்றும் விருந்தாளி வருகிறார்கள் என்று பதறி, கைக்குக் கிடைத்ததையெல்லாம் நான் குப்பையில் அள்ளிப் போட்டால், அடுப்படியிலிருந்து சத்தம் வரும்:

“ஏனுங்க, மொதல்ல லாரி போகட்டுங்க!”