இறக்கத்துக்கு எதற்கு இன்ஜின்?

ஒரு காட்டில் ஒரு புத்திசாலிக் கழுதை இருந்தது. இதை வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நானேதான் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கழுதை நான்தான். பெயர் தருமலிங்கம்.

என்னிடம் ஒரு பழைய லாரி இருந்தது. மரம் ஏற்ற வந்த மனிதர்கள் நடுக்காட்டில் விட்டுவிட்டுப் போனது. மனிதர்கள் ஒன்றைச் சும்மா விட்டுப் போனால் அதில் ஏதோ கோளாறு இருக்கும் என்று ஒரு தவளைக்குக்கூடத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. ஏறி உட்கார்ந்தேன், லாரி ஓனர் ஆகிவிட்டேன்.

அந்தக் கோடையில் குளம் வற்றியது. வேகமாக நடக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் மலைக்குக் கீழே ஆற்றுக்குப் போய்விட்டார்கள். ஆமைகள் மட்டும் சேற்றில் மிச்சம்.

"நான் எப்படியாவது போயிடுவேன். நேத்து பொரிச்ச இந்தப் பொடிசுங்க இந்த வெயில்ல நடந்தா கருவாடாயிடுமே!" என்று அழுதது பெரியநாயகி என்ற ஆமை.

"கவலையை விடுங்கக்கா, என் லாரி இருக்கு" என்றேன். நாலு பேர் பார்க்கும்போது என் வாயில் இப்படித்தான் ஏதாவது வந்து விழும்.

மெக்கானிக் உடும்பு சோலைமுத்து வந்தான். வண்டிக்கு அடியில் படுத்து ஒரு நட்டைப் பிடித்தான். உடும்புப் பிடி. சாயங்காலம்தான் விட்டான்.

"அண்ணே, இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு. பேட்டரியும் நல்லா இருக்கு. கிளட்ச் பிளேட்தான் தேஞ்சு அப்பளமாயிடுச்சு. அது ஒண்ணு கிடைச்சா கிளம்பிடலாம்."

காட்டோரத்தில் காயலான் கடை வைத்திருந்தது கழுதைப்புலி மாசிலாமணி. பெயரில் பாதி கழுதை இருப்பதால் எனக்குச் சொந்தம் என்றே நம்பி, மாமா என்று கூப்பிடுவேன். கடைக்குப் பின்னால் என் லாரி மாதிரியே இன்னொன்று நின்றது. அதில் பேட்டரி இல்லை, விளக்கு இல்லை, இன்ஜினும் இல்லை. பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டியின் மாடலைச் சொன்னதும் மாசிலாமணி சிரித்தார். கழுதைப்புலி சும்மாவே சிரிக்கும் என்பதால் நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இந்த மாடலுக்குச் சாமான் என்கிட்ட மட்டும்தான் கிடைக்கும் மாப்ளே. இருக்கிற சாமான் ஒவ்வொண்ணுலயும் ரெண்டு வெச்சிருக்கேன். நீ உன் பேட்டரியைக் குடு, பிளேட்டைக் கொண்டுபோ."

கொடுத்தேன். பேட்டரி இல்லாமல் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்தோம். வண்டி உறுமியது! நான் இருபுறமும் பார்த்துத் தலையாட்டுவதற்குள் ரேடியேட்டர் பிளந்து தண்ணீர் கொட்டியது. ஆமைக் குஞ்சுகள் அதில் புரண்டு குளித்தன. அந்தக் கோடையில் என் லாரியால் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

ரேடியேட்டருக்கு விளக்குகளைக் கொடுத்தேன். "பகல்லதானே போறே" என்றார் மாமா. அதுவும் சரிதான்.

அதைப் பூட்டி முடித்ததும் சோலைமுத்து பிரேக்கை மிதித்தான். அது தரையில் போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி ஓடினேன்.

"ஆத்துக்கு வழி ஏத்தமா, இறக்கமா?" என்று கேட்டார் மாமா.

"கடைசி வரைக்கும் இறக்கம்தான் மாமா. முதல்ல மட்டும் கொஞ்சம் சமதரை."

"இறக்கத்துக்கு எதுக்கு மாப்ளே இன்ஜின்? பிரேக்தானே வேணும்!"

இவ்வளவு நியாயமான ஒரு பேச்சை நான் அதுவரை கேட்டதில்லை.

இன்ஜின் போனதும் சோலைமுத்து ஸ்பேனரைக் கீழே வைத்தான். "அண்ணே, பிரேக் அருமையா இருக்கு. ஆனா இனிமே அதைப் பிடிக்கிற அவசியம் வருமான்னு எனக்குத் தெரியல."

சேறும் காயத் தொடங்கியது. வேறு வழியில்லாமல் ஆமைகளை ஏற்றிக்கொண்டு, கயிற்றைக் கழுத்தில் மாட்டி நானே இழுத்தேன். பாதி சமதரை தாண்டவில்லை, கால்கள் மடங்கின. குஞ்சுகளில் ஒன்று கண் திறக்காமல் கிடந்தது. பெரியநாயகி அதை நக்கிக்கொண்டே, "தம்பி, குளத்துல ஈரம் இருந்தப்பவே நாங்க நடந்திருக்கணும். உன் பேச்சைக் கேட்டது என் தப்பு" என்றது. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

பின்னால் ஹாரன் சத்தம். ஒரு லாரி பளபளவென்று வந்து நின்றது.

"அடேயப்பா, இன்ஜின் சத்தமே தனி! எங்கே பிடிச்சீங்க மாமா?" என்று கேட்டேன்.

மாசிலாமணி சிரித்தார். இந்த முறை வெகுநேரம் சிரித்தார். ஆனால் குஞ்சைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, "ஏத்துங்கடா சீக்கிரம்" என்றார். ஆமைகளை மாற்றி ஏற்றினோம். கண் திறக்காத குஞ்சு ஆற்று நீர் பட்டதும் காலை உதறியதாம். கூடப் போன சோலைமுத்து பிறகு சொன்னான்.

ஆமைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் மாமா என் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார். நான் அப்போதும் காலி லாரியை இழுத்துக்கொண்டிருந்தேன்.

"உன் வண்டியில ஹாரன் இல்லையே மாப்ளே. என்கிட்ட ஒண்ணு உபரியா இருக்கு. வேணுமா?"

நான் திரும்பி லாரியைப் பார்த்தேன். கொடுப்பதற்கு ஸ்டீயரிங் ஒன்றுதான் மிச்சம்.

"நல்லா சத்தம் வருமா மாமா?" என்று கேட்டேன்.

நீதி: உழைப்பு ஒருநாளும் வீண்போகாது, அது அடுத்தவர் லாரியில் ஏறிப் பத்திரமாகப் போய்ச் சேரும்.