பேட்டரி தீரும்வரை

கைப்பேசிக்கு அடிமையானவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அவர்கள் பாட்டுக்குக் குனிந்துகொண்டிருக்கிறார்கள், யாரையும் தொந்தரவு செய்வதில்லை. நான் சொல்ல வந்தது, அவர்களைத் திருத்தியே தீருவது என்று கிளம்பியிருக்கும் இனத்தைப் பற்றி.

கண்டுபிடிப்பது சுலபம். லிஃப்டிலோ பேருந்திலோ பல் டாக்டரின் வரவேற்பறையிலோ குனிந்த தலை ஒன்றைக் கண்டால் போதும், நேரே பக்கத்தில் போய் நின்று, தொண்டையைச் செருமி, "கொஞ்சம் நிமிருங்க" என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு 'நிமிருங்க' என்றே பெயர் வைத்துவிட்டோம். மனிதர் வீடியோ கலைஞர். அவர் படங்களில் ஒரு கட்டைவிரல் சுவர் அகலத்துக்கு வந்து மேலும் கீழும் போகும். தூங்குகிறவரின் கை வெறும் படுக்கையைத் தடவித் தேடும். குனிந்த பிடரி ஒன்று அசையாமல் நிற்கும். பார்த்துவிட்டு வெளியே வந்தால் நம் கழுத்தை நாமே பிடித்துவிடத் தோன்றும். நன்றாகவே எடுப்பார், அதை மறைக்கக் கூடாது. பிடரி மட்டும் அவர் மனைவியுடையது. அந்த அம்மாள் அப்போது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் கைப்பேசி உண்டா என்கிறீர்களா? இரண்டு. ஒன்று கலைக்கு. இன்னொன்று, அந்தக் கலைக்கு எத்தனை பேர் விருப்பம் போட்டார்கள் என்று பார்க்க. கேட்டால் ஆராய்ச்சி என்பார். சாப்பாட்டு மேசையில் ஆராய்ச்சி, குளியலறையில் ஆராய்ச்சி, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் முன்பல்லை ஆட்டி ஆட்டிக் காட்டியபோதும் ஆராய்ச்சி. "விழுந்தா முதல்ல அப்பாகிட்டதான் காட்டணும்" என்று தலை நிமிராமலேயே சொல்லிவைத்தார். குழந்தை அதை நம்பிவிட்டது.

போன மாதம் ஒரு கலைக்கூடத்தில் அவருடைய நிகழ்ச்சி. நடு அறையில் நாற்காலி. உள்ளங்கையோடு கைப்பேசியை வைத்து பேண்டேஜ் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பேட்டரி தீரும்வரை பேச மாட்டார், நிமிர மாட்டார், கட்டைவிரல் மட்டும் தள்ளிக்கொண்டே இருக்கும். தலைக்கு மேலே கேமரா. அந்தக் கை எதிர்ச் சுவரில் பெரிதாகத் தெரியும். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

சாயங்காலம் கைப்பேசி அடித்தது. சுவர் முழுக்க 'வீடு' என்று எழுத்து. கட்டைவிரல் அதை ஒதுக்கித் தள்ளியது. மறுபடி 'வீடு'. மறுபடி தள்ளல். எப்பேர்ப்பட்ட குறியீடு என்று ஒரு விமர்சகர் பக்கத்திலிருந்தவருக்கு விளக்க, கைத்தட்டல் எழுந்தது. குறியீடுமில்லை ஒன்றுமில்லை, மனைவியின் எண்ணை அவர் அந்தப் பெயரில்தான் பதிந்துவைத்திருக்கிறார். அன்று மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டியது அவர் முறை.

சற்று நேரத்தில், கழுத்திலிருந்த அலுவலக அட்டையைக்கூடக் கழற்றாமல் மனைவி வந்தார். கூடவே மகள், வலது கையை இறுக மூடிக்கொண்டு.

"உங்க முறைன்னு காலையிலயே சொன்னேன். எல்லாரும் போனப்புறம் இவ வாட்ச்மேனோட உட்கார்ந்திருந்தா."

அவர் நிமிரவில்லை. பேட்டரி இன்னும் இருந்தது. வந்தவர் நிகழ்ச்சியில் நடிப்பவர் என்று நினைத்துக் கூட்டம் கைப்பேசிகளை உயர்த்தியது. குழந்தை நேரே போய் மூடிய கையைத் திறந்து, "அப்பா, விழுந்துடுச்சு" என்று அந்தத் திரைமேல் வைத்தது.

சுவரில் பீரோ அளவுக்கு ஒரு பால்பல். பக்கத்திலேயே தூண் போலக் கட்டைவிரல். அது வந்தது. பழக்கதோஷம், ஒரே தள்ளு. பல் பறந்து எங்கள் கால்களுக்கிடையே எங்கேயோ விழுந்தது.

அப்போதுதான் மனிதர் நிமிர்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "யாரும் காலை நகர்த்தாதீங்க, பல்லு, அது பல்லு" என்று தரையில் மண்டியிட்டார். ஊரையே நிமிரச் சொன்னவர், எங்களைப் பார்த்து "குனிங்க, தயவுசெஞ்சு குனிங்க" என்று கெஞ்சினார். அத்தனை கைப்பேசியிலும் டார்ச் எரிந்தது. கடைசியில் விமர்சகரின் செருப்போரம் பல் கிடைத்தது. கட்டுப்போட்ட கையில் வாங்கி, தூசி ஊதி, வெகுநேரம் பார்த்தார்.

"எவ்ளோ குட்டியா இருக்கு" என்றார்.

"வாட்ச்மேன் மாமாவும் அதான் சொன்னாரு" என்றது குழந்தை. "அவர்தான் முதல்ல பார்த்தாரு."

பின்னால் இருந்தவர்கள் மட்டும் பலமாகக் கைதட்டினார்கள்.

மனிதர் திருந்திவிட்டார் என்று கேள்வி. இப்போதெல்லாம் கையில் எதுவும் இல்லாமல் மகளோடு பூங்காவில் நடக்கிறார். அதை ஒரு நண்பர் பின்னாலேயே போய்ப் படம் எடுக்கிறார்.

சிரிக்கிறீர்கள். இதை யாருக்கு அனுப்பினால் உறைக்கும் என்று ஒரு பெயர்கூட உங்கள் மனதில் வந்திருக்கும். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன்னால் கொஞ்சம் நிமிருங்கள். உங்கள் பக்கத்தில் யாரோ ரொம்ப நேரமாகக் கையை மூடிக்கொண்டு நிற்கிறார்கள்.