நாலு கால் மாடும் தரகரின் துண்டும்

கம்ப்யூட்டரின் வாயைப் பிளந்து பல்லை எண்ணிப் பார்க்க ஆசைப்பட்ட ஒரே மனிதர் உலகத்திலேயே எங்கள் மாட்டுத் தரகர்தான். பெயர் எவருக்கும் தெரியாது. சுசீந்திரத்தில் தரகர் என்றால் அவர்தான்.

இரண்டாயிரத்து ஒன்பதோ பத்தோ, அங்கே நான் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் தரகர் மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தார்.

"எனக்க பேத்தி மஸ்கட்டுல இருக்கால்லா, மாடு ரெண்டு காலுலதான் நடக்கும்னு போன்ல சொல்லுதா டே! டிவி கார்ட்டூன்ல பாத்தாளாம். நாப்பது வருசம் மாடு வித்தவனுக்க பேத்தி பேசுத பேச்சா இது?"

"நெசமான மாட்டயே வீடியோ எடுத்து அனுப்புங்க அண்ணாச்சி."

"அனுப்பியாச்சு. கார்ட்டூன்ல வந்தாத்தான் நம்புவாளாம். நானே ஒரு மாட்ட வரஞ்சு நடத்திக் காட்டணும். பழக லேசா, எளுப்பமா ஒரு சாப்ட்வேர் எடு."

இருப்பதில் பிரபலமானதைத் திறந்தேன்.

"இதுக்கு எத்தன பல்லு?"

மாட்டின் வயது பல்லில் தெரியும். சாப்ட்வேரின் வயது வெர்ஷனில் தெரியும் என்று நானாக முடிவு செய்து, எட்டு என்றேன்.

"எட்டுப் பல்லா? சவம், மூத்துப்போச்சு. இனி நம்ம சொல்லு கேக்காது. ரெண்டு பல்லுல பாரு."

தேடியதில் இரண்டாம் வெர்ஷனோடு நின்றுபோன ஓர் இலவச சாப்ட்வேர் அகப்பட்டது. மொத்தமே ஏழு பட்டன்.

அடுத்தது துண்டுப் பரீட்சை. தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள்; பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக்கூடாது. அந்தப் பழக்கத்தில் மௌஸையும் கையையும் தன் சிவப்புத் துண்டால் மூடினார். "கையப் பாக்காம ஓடணும். அதுதான் எளுப்பம்." திரையில் ஒரு வட்டமும் நாலு கோடும் வந்தன. மானிட்டரின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். வியாபாரம் முடிந்தது.

அப்புறம் இரண்டு மாதம் என் பிழைப்பு கெட்டது. ஓர் அடி எடுத்துவைக்கப் பன்னிரண்டு படம் வரைவார். பின்னங்கால் பிசகினால் எல்லாவற்றையும் அழிப்பார். சந்தேகம் வந்தால் என்னைத் தரையில் நாலு காலில் நடக்கவிடுவார். "ஏலே, இடது பின்னங்கால் முதல்ல!" ஒருநாள் அப்படி நடந்துகொண்டிருந்தபோது, எனக்குப் பெண் கொடுப்பதாக இருந்தவர்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

"நட சுத்தம். ஒரு கொறயும் சொல்ல முடியாது," என்று தரகர் அவர்களிடம் உறுதி சொன்னார்.

அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று.

கடைசியில் மாடு பதினோரு வினாடி நடந்தது. அப்பழுக்கில்லாத நடை. மெயிலில் அனுப்பினோம். மறுநாள் பேத்தியின் போனைத் தரகர் ஸ்பீக்கரில் போட்டார்.

"பாவம் தாத்தா உங்க மாடு. இன்னும் நடக்கவே பழகல்ல. தவழுது."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தரகர் துண்டை உதறி மௌஸின் மேல் போட்டார்.

"மக்கா, மாட்ட எழுப்பி நிறுத்து."

"நாப்பது வருசம் மாடு வித்தவரு பேசுத பேச்சா அண்ணாச்சி இது?"

"பிள்ள ஆசப்படுதால்லா. நடந்துட்டுப் போட்டும்."

புது மாடு இரண்டு காலில் நடந்தது. கொஞ்சம் வளைந்த கால், முன்னே தள்ளிய வயிறு, தோளில் சிவப்புத் துண்டு. யாருடைய நடை என்று வரைந்தவருக்குத் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை. மஸ்கட்டில் பேத்தி பார்த்தவுடனே கத்தினாள்: "ஐ, தாத்தா!"

தரகர் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. இப்போதும் ரோட்டில் நாலு காலில் போகிற மாட்டைப் பார்த்தால் எனக்கு ஏதோ குறைகிறது. தோளில் துண்டு இல்லை.