இருபது திராட்சைக் குச்சிகளும் ஏழு சாப்ஸ்டிக்குகளும்

சிங்கப்பூர்,
ஆகஸ்ட் 13, வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய இருதயராஜ் பெரியப்பா அவர்களுக்கு,

தம்பி மகள் நிவேதிதா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே டெக்கா வீட்டில் நாங்கள் மூவரும் நலம். கம்பத்தில் நீங்களும் பெரியம்மாவும், தோட்டத்தில் புதிதாக ஊன்றிய கல்தூண்களும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். எங்கள் வாசலில் இருக்கும் தாய்க்கொடியும் நலம். குச்சிகளின் நலத்தை மட்டும் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து படிப்பது நல்லது.

வாட்ஸ்அப் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். நான் எது அனுப்பினாலும் நீங்கள் அதைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கெல்லாம் சத்தமாகப் போட்டுக் காட்டுகிறீர்கள். போன மாதம் என் கணிதத் தேர்வு மதிப்பெண் அப்படித்தான் கம்பம் முழுவதும் தெரிந்தது. இது இரகசியம். படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

கொள்ளுத் தாத்தா கோயில் பூசைக்கு வைன் எடுத்த நாலு ஏக்கர் திராட்சைத் தோட்டம் நோய் வந்து அழிந்ததும், அங்கே வாழை வந்ததும், இப்போது நீங்கள் வாழையை எடுத்துவிட்டு மறுபடி பந்தல் போடுவதும் எனக்குத் தெரியும். மற்ற வரிசைகளுக்கு நாற்றுப்பண்ணைச் செடி, முதல் வரிசைக்கு மட்டும் பழைய கொடி என்று நீங்கள் சொன்னதும் தெரியும். அந்தப் பழைய கொடி இப்போது உலகத்திலேயே எங்கள் ஏழாவது மாடி வாசலில் மட்டும்தான் இருக்கிறது. அப்பா வேலைக்கு வந்தபோது ஒரு குச்சியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாராம். அப்போது என்ன விதிமுறை இருந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. செப்டம்பர் எட்டு, மாதா பிறந்தநாளன்று, சாமியார் வந்து மந்திரித்து நடவு. இருபது குச்சிகள் வந்தால் முதல் வரிசைக்கு என் பெயர். வராவிட்டால் அங்கேயும் விதையில்லாத நாற்றுப்பண்ணைத் திராட்சை. இதையெல்லாம் நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டேன்.

அப்பா விடியுமுன் கம்பெனி பஸ்ஸில் ஜூரோங் கப்பல் பட்டறைக்குப் போய்விடுவதால் பொறுப்பு என்னுடையது. நூலகத்தில் இரண்டு புத்தகங்கள் எடுத்துப் படித்து, குச்சிக்கு மூன்று கணு வைத்து, அடிப்பக்கம் சாய்வாகவும் மேல்பக்கம் நேராகவும் வெட்டி, ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலால் எண் கட்டி, வாளியில் இரண்டு விரல் தண்ணீர் விட்டு நிறுத்திவைத்துவிட்டு மூன்று நாள் பள்ளி முகாமுக்குப் போனேன். அந்த மூன்று நாளில்தான் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் டெங்கி என்று கீழே சிவப்புப் பதாகை கட்டினார்கள். பெரியப்பா, டெங்கி பதாகையைப் பார்த்துவிட்டால் அம்மா வேறு மனுஷி. பூச்சாடித் தட்டு, குடை வாளி, மாதா படத்துக்கு முன்னால் இருந்த பூக்கிண்ணம் எல்லாவற்றையும் கவிழ்த்தார். என் வாளியையும் கவிழ்த்தார். குச்சிகளைக் கட்டாகக் கட்டிச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்தார்.

இதில் எதுவும் எனக்குத் தெரியாது. முகாமிலிருந்து வந்து கேட்டேன்.

"அம்மா, குச்சி எங்கே?"

"பத்திரமா இருக்குடி."

"எங்கே பத்திரமா?"

"முதல்ல ஹோம்வொர்க்கை முடி."

இரண்டு வாரம் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், குச்சிகளும் பத்திரமாகவே இருந்துகொண்டிருந்தன. நான் இவ்வளவு ஒழுங்காக ஹோம்வொர்க் முடித்த இரண்டு வாரம் வேறு கிடையாது.

பிறகு ஒருநாள் பள்ளி விட்டு வரும்போது புளோக்குக்குக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில் ஒரு மிளகாய்ச் செடியின் கழுத்தில் சிவப்பு நூலும் 'எண் 14' என்ற என் கையெழுத்தும் தொங்குவதைப் பார்த்தேன். அந்த நூல் செடியில் இல்லை, செடியைத் தாங்க ஊன்றியிருந்த குச்சியில் இருந்தது. அந்தக் குச்சியில் இரண்டு திராட்சை இலைகள் துளிர்த்திருந்தன! வரிசையாகப் பார்த்தேன். இருபது மிளகாய்ச் செடி, இருபது ஊன்றுகோல், எல்லாம் நம் குச்சி, எல்லாம் துளிர்.

தோட்டக் குழுத் தலைவர் நாலாவது மாடி மாணிக்கம் அங்கிள். இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பு கிடங்கு மேற்பார்வையாளராக இருந்தவர், ஓய்வு பெற்றதை இன்னும் யாரும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. தோட்டத்தில் தக்காளியை எண்ணுகிறார், நத்தையை எண்ணுகிறார். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதையெல்லாம் சிவப்புப் பேனாவால் திருத்துகிறார். தவறுதலாகத் தன் பெட்டிக்கு வரும் அடுத்த வீட்டுக் கடிதத்தைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். அவருடைய மீசை மட்டும் தனியாக ஒரு குழு உறுப்பினர். நான் முகாமில் இருந்தபோது அவர் எங்கள் செருப்பு ஸ்டாண்டைக் கடந்து போகையில், "கமலா, இந்தக் காய்ஞ்ச குச்சி வேணுமா?" என்று கேட்டாராம். அம்மா போனில் பேசிக்கொண்டே, "எடுத்துக்குங்க லா" என்றாராம்.

நான் போய் முறைப்படி விளக்கினேன். புத்தகத்தையும் காட்டினேன்.

"காய்ஞ்ச குச்சி, பொண்ணு, காய்ஞ்ச குச்சி!" என்றார். "என் மண்ணுல வச்சேன், உயிர் வந்துருச்சு. இப்ப அது யாரோடது?"

"எங்க பெரியப்பாவோடது, அங்கிள்."

"பதினஞ்சாம் தேதி சனிக்கிழமை தோட்டப் போட்டிக்கு ஜட்ஜ் வர்றாங்க. போன வருஷம் பீஷான் ஏரியாக்காரன் வெண்டைக்காயைக் காட்டிக் கப்பைத் தூக்கிட்டுப் போயிட்டான். அதுவரைக்கும் ஒரு குச்சி அசையக் கூடாது. அப்புறம் பாக்கலாம்."

'அப்புறம் பாக்கலாம்' என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நான் பூனைக்குட்டி கேட்டபோது அம்மா சொன்னதும் அதே சொல்தான்.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்தேன். (தயவுசெய்து இந்தப் பத்தியை இரண்டு முறை கிழியுங்கள்.) கடந்த ஏழு பள்ளி நாளாக, வகுப்புக்குப் போகுமுன் என் தோழி திவ்யதர்ஷினி அவரிடம் போய் உரத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்பாள். மீன் கழிவா, வாழைத்தோலா என்று கேட்டால் போதும், அவர் கால்மணி நேரம் வானத்தைப் பார்த்துப் பேசுவார். அதற்குள் நான் ஒரு குச்சியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு சாப்ஸ்டிக்கைச் செருகி, சிவப்பு நூலையும் மாற்றிக் கட்டிவிடுவேன். ஏழு குச்சிகள் கைக்கு வந்துவிட்டன. எட்டாம் நாள் முடியவில்லை. நேற்று இரவு நூடுல்ஸ் சாப்பிட உட்கார்ந்த அப்பா, "எட்டு சாப்ஸ்டிக் இருந்த வீட்டுல ஒண்ணுதான் இருக்கு, என்ன கதை?" என்று கேட்டுவிட்டார்.

ஆனால் பெரியப்பா, இரகசியக் கடிதம் என்பதால் முழு உண்மையையும் எழுதிவிடுகிறேன். பிடுங்கிய ஏழில் இரண்டு வாடிவிட்டன. இளம் வேர் அறுந்துவிட்டது. இரண்டு புத்தகங்களிலும் அதை எழுதியிருந்தார்கள், நான்தான் அவசரத்தில் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டேன். அன்று பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன். மாணிக்கம் அங்கிளிடம் இருக்கும் பதின்மூன்றும் என்னிடம் இருக்கும் ஐந்தைவிட நன்றாக இருக்கின்றன. இதை அவரிடம் சொல்வதைவிடப் பூனைக்குட்டி இல்லாமலே இருந்துவிடலாம்.

ஆகவே என் கோரிக்கை: நடவை அக்டோபர் ஏழு, செபமாலை மாதா திருநாளுக்குத் தள்ளிவைக்க முடியுமா? சாமியாரிடம் மழை என்று சொல்லுங்கள். வரிசைக்கு என் பெயர் வைக்காவிட்டாலும் பரவாயில்லை. பழைய கொடி இருக்க வேண்டிய இடத்தில் வேறு கொடி வேண்டாம்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் வலி குறையவும், பந்தல் கம்பி துருப்பிடிக்காமல் இருக்கவும், தோட்டத்துக் கிணறு நிறையவும் செபிக்கிறேன்.

கீழ்ப்படிதலுள்ள மகள்,
நிவேதிதா

பின்குறிப்பு (ஆகஸ்ட் 29): கடிதத்தைத் தபாலில் போட மறந்துவிட்டேன். அதற்குள் பல மாற்றங்கள். மாணிக்கம் அங்கிளுக்கு முதல் பரிசு. கப்போடு எங்கள் வீட்டுக்கு வந்தார், அம்மா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் (சாப்ஸ்டிக் தவிர, அது அம்மாவுக்கே தெரியாது). குச்சிகளைக் கொண்டுவருவதாக இருந்த அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மாணிக்கம் அங்கிள் தன் அக்கா மகன் கல்யாணத்துக்கு நாளை மதுரைக்குப் போகிறார். செடிகளைச் சான்றிதழோடு அவரே கம்பத்துக்குக் கொண்டுவந்து, நடவு முடியும்வரை உங்கள் வீட்டில் தங்குவாராம். இந்தக் கடிதத்தையும் அவரிடமே கொடுத்தனுப்பச் சொல்லி அம்மா பக்கத்திலேயே நிற்கிறார், திரும்ப எழுத நேரமில்லை. மூன்று சுற்று டேப் ஒட்டியிருக்கிறேன். அவர் மிகவும் நல்லவர். மீசையும் நன்றாக இருக்கும்.

(கீழே சிவப்புப் பேனாவில்:)

ஐயா, வணக்கம். டேப் மலிவானது. குழந்தையின் கடிதத்தில் பிழை ஒன்றுதான்: பூனைக்குட்டி விஷயம் எங்கள் தோட்டக் குழுவின் பொறுப்பல்ல. என் தோட்டத்தில் சாப்ஸ்டிக் முளைத்ததை முதல் நாளே பார்த்துவிட்டேன். ஏழு நாளும் உரத்தைப் பற்றி நான் வானத்தைப் பார்த்துப் பேசியது எதற்காக என்று நினைத்தீர்கள்? வாடியதாக அவள் எறிந்த இரண்டும் குப்பைத் தொட்டியருகே கிடைத்தன. எடுத்து நட்டேன், பிழைத்துக்கொண்டன. ஆக இருபது. தேதியை மாற்ற வேண்டாம், சாமியாரிடம் மழை என்றும் சொல்ல வேண்டாம். இளங்கொடிக்கு ஊன்றுகோல் தேவைப்படும். சாப்ஸ்டிக் ஏழையும் கொண்டுவருகிறேன்.

மாணிக்கம்