நாறுன ஃப்ரிட்ஜும் பலமனேர் சம்பந்தமும்

அன்னிக்கு எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. சாயங்காலத்துக்குள்ள ஃப்ரிட்ஜ் நாத்தத்தைப் போக்கணும்.

வேற வேலை குடுக்கவும் முடியாது. நகரி பஸ் ஸ்டாண்டுல மொபெட்டுலேருந்து விழுந்து எடது கைய ஒடச்சிக்கினவன் நான். ஓடற மொபெட் இல்லீங்க. ஸ்டாண்டு போட்டு நின்னுகினு இருந்த மொபெட்!

எலும்பு வைத்தியத்துக்குப் பேர்போன புத்தூருக்குப் போய் கட்டு போட்டுக்கினு வந்து, ஹால்ல கட்டில் போட்டுப் படுத்துக் கெடந்தேன். சித்திரை வெயில். ஃப்ரிட்ஜை ஒட்டிப் படுத்தா குளுகுளுன்னு இருக்கும்னு கட்டிலை அது பக்கத்துலயே இழுத்துப் போட்டுக்கினேன். வேர்த்துதான் ஊத்துச்சி. இருந்தாலும் ஃப்ரிட்ஜ் பக்கத்துல படுத்திருக்கோம்னு ஒரு திருப்தி.

ஃப்ரிட்ஜ் என் தங்கச்சி லதாவோடது. ஊர்ப்பக்கம் கம்பெனிங்க புதுசு புதுசா வந்துகினு இருந்த காலம் அது. ரேணிகுண்டா பக்கம் டிவி பார்ட்ஸ் செய்யற எடத்துல அவளுக்கு வேலை, தெனம் ரயில்ல போய் வருவா. சொந்த சம்பளத்துல மொதமொதலா வாங்குன பொருள். தெருவுக்கே ஒரே ஃப்ரிட்ஜ். தலைமேல பூப்போட்ட துணியோட வாசலைப் பாத்து நிக்கும்.

அன்னிக்கு சாயங்காலம் லதாவைப் பொண்ணு பாக்க பலமனேர்லேருந்து வராங்க. மாப்பிள்ளைக்கு பெங்களூர்ல வேலை. ஃபோட்டோவுலயே லதாவுக்குப் புடிச்சிப் போச்சி. ஆனா அவங்க அம்மா சுத்தம்னா அப்படி ஒரு சுத்தமாம். ஒரு வீட்டுல சொம்புல வாடை அடிக்குதுன்னு குடுத்த தண்ணியக் குடிக்காமலே எழுந்து வந்துட்டாங்களாம்.

"ஃப்ரிட்ஜு கிட்ட போனாலே கொமட்டுது. இந்த சம்பந்தம் தவறிச்சின்னா உன்னத்தான் கேப்பேன்"னு எங்கம்மா சொல்லிட்டாங்க. நைனா எப்பவோ போயிட்டாரு. வீட்டுக்குப் பெரிய ஆம்பள நாந்தான். என்ன பண்றது, வீட்டுல ஆம்பள இருப்பு அவ்ளோதான்.

ஃப்ரிட்ஜைத் தொறந்து தலைய உள்ள விட்டேன். குப்புனு அடிச்சிது பாருங்க! கண்ணுல தண்ணி வந்துடுச்சி.

உள்ள தெருவே குடித்தனம் நடத்திக்கினு இருந்துச்சி. யார் வீட்டு மாவோ, யார் வீட்டுத் தயிரோ. ஓரமா வாழையிலையில கட்டுன பொட்டலம் ஒண்ணு. பக்கத்து வீட்டு கஸ்தூரியக்கா வெச்சது. மோந்து பாத்தேன். கருவாடேதான்!

நேரா அவங்க வாசலுக்குப் போனேன். "யக்கா, உன் கருவாட்ட நீயே வெச்சிக்க. எங்க வூட்டுக்கு சம்பந்தக்காரங்க வராங்க."

அக்கா பொட்டலத்தைப் பிரிச்சாங்க. மல்லிப்பூ.

"உன் தங்கச்சி தலையில வெக்கத்தாண்டா வாங்கி வெச்சேன்! மல்லிப்பூவுல கருவாட்டு நாத்தமா வருது உனக்கு?"

நான் திரும்பவும் கிட்ட வெச்சி மோந்து பாத்தேன். "வருதேக்கா."

"அப்ப புத்தூர் போய் உன் மூக்குக்கும் ஒரு கட்டு போட்டுக்கினு வா!"

திட்டுனாலும் பின்னாலயே வந்துட்டாங்க. நல்ல மனசு. வந்தா யோசனை சொல்லாம இருக்க முடியாதே. "சோப்புத் தண்ணி போட்டுத் தொடைடா." ஒத்தக் கையால தொடைச்சேன். நாத்தம் போகல. "எலுமிச்சம்பழத்தைத் தேய்." தேச்சேன். "அடுப்புக்கரி வெய். காப்பித்தூள் வெய்." ரெண்டையும் வெச்சேன். இப்ப ஃப்ரிட்ஜ்ல டீக்கடை வாசனையோட சேர்ந்து பழைய நாத்தமும் வருது.

கடைசியா எனக்கே ஒரு யோசனை வந்துச்சி. எனக்கு யோசனை வந்தாலே அம்மா பயப்படுவாங்க. கரண்டியில நெருப்பு எடுத்து, சாம்பிராணி போட்டு, ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சி கதவை மூடிட்டேன்!

அப்பதான் லதா பாதி கட்டுன பட்டுப்புடவையோட ஹாலுக்கு வந்தா. மூக்கைச் சுளிச்சா. என்னைப் பாத்தா.

"அண்ணா, நீ கொஞ்சம் வெளிய போ."

போனேன்.

"இப்ப வரலியே. உள்ள வா."

வந்தேன்.

"ஐயய்யோ! திரும்ப வெளிய போ!"

இப்படியே என்னை வாசலுக்கும் ஹாலுக்கும் நடக்க வெச்சாங்க. கஸ்தூரியக்கா நடுவுல நின்னு மோந்து மோந்து பாத்தாங்க. அப்பால என் கட்டுகிட்ட குனிஞ்சவங்க, சேலைத் தலைப்பால மூக்கைப் பொத்திக்கினாங்க.

"அடப்பாவி! முட்டைடா!"

புத்தூர்ல பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் வெச்சித்தான் கட்டுவாங்க. கட்டைப் பிரிக்கக் கூடாது, நனைக்கவும் கூடாது. சித்திரை வெயில்ல அந்த முட்டை என்ன ஆவும்? அதைக் கட்டிக்கினு நான் வாரக்கணக்கா ஃப்ரிட்ஜ் பக்கத்துலயே படுத்திருக்கேன்.

"இவனை மொதல்ல கொல்லப்பக்கம் தள்ளு!"ன்னாங்க அம்மா. தள்றதுக்குள்ள வாசல்ல கார் வந்து நின்னுடுச்சி.

மாப்பிள்ளையோட அம்மா உள்ள வந்ததும் கேட்ட மொத கேள்வி, "பொண்ணோட அண்ணன் எங்க?"

நைனா இல்லாத வீடு. அண்ணன்காரன் நின்னு வரவேற்கலைன்னா மரியாதை இல்ல. அம்மா ஒரு டப்பா பவுடரைக் கட்டு மேல கொட்டி, துண்டு சுத்தி, என்னை ஒரு மூலையில உக்கார வெச்சாங்க.

எல்லாம் நல்லாத்தான் போச்சி. லதா காப்பி குடுத்துட்டு உள்ள போனா. மாப்பிள்ளை வாயெல்லாம் பல்லு. அப்பதான் மாப்பிள்ளையோட மாமா, "பாவம் தம்பிக்கு வேர்க்குது"ன்னு டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்புனாரு. காத்து என் மேல பட்டுச்சி. என்னைத் தாண்டி நேரா அந்தம்மாகிட்ட போச்சி.

காப்பி டம்ளர் பாதியில நின்னுச்சி. "ஏமி வாசனை இது?"ன்னாங்க, தெலுங்கும் தமிழுமா.

எங்கம்மா என்னையே பாத்தாங்க. என் நாக்கு அதுவா அவுந்துகிச்சி.

"ஃப்ரிட்ஜுங்க! அந்த ஃப்ரிட்ஜு கெட்டுப் போச்சிங்க!"

அந்தம்மா எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் தொறந்தாங்க. உள்ளேருந்து சாம்பிராணிப் பொகை குபுகுபுன்னு வந்து அவங்களையே மூடிடுச்சி. இருமிக்கினே வந்து உக்காந்தாங்க.

"பொண்ணு எங்களுக்கு நச்சிந்தி, ரொம்பப் புடிச்சிருக்கு. ஒரே ஒரு கண்டிஷன். அந்த ஃப்ரிட்ஜு மட்டும் எங்க வீட்டுக்கு வரக்கூடாது."

"அதுக்கென்னங்க!"ன்னாங்க அம்மா, ஒரே சந்தோஷமா.

உள் ரூம் கதவு படார்னு தொறந்துச்சி. லதா.

"அது நான் சம்பாரிச்சி வாங்குனதுங்க. அது வரலன்னா நானும் வரல."

மாப்பிள்ளை லதாவைப் பாத்தாரு. லதா அவரைப் பாக்கல. என்னைத்தான் பாத்தா. அந்தப் பார்வைக்கு இன்னொரு கையும் ஒடஞ்சிடும் போல இருந்துச்சி.

எழுந்தேன். துண்டை அவுத்தேன். "யம்மா, ஃப்ரிட்ஜு மேல தப்பு இல்லீங்க. நாறுறது நாந்தான்."

அந்தம்மா வந்து என் கட்டை மோந்தாங்க. போய் ஃப்ரிட்ஜை மோந்தாங்க. திரும்ப வந்து என்னை மோந்தாங்க. கட்டு போட்டவர்கூட என்னை அவ்ளோ கவனமாப் பாக்கல.

"நிஜமே"ன்னு சொல்லி உக்காந்தாங்க. "சரி, ஃப்ரிட்ஜு வரட்டும். கல்யாணத்துல இந்தத் தம்பி மட்டும் கொஞ்சம் தள்ளி நிக்கட்டும்."

கட்டைப் பிரிச்சி, கைய சோப்பு போட்டுத் தேய் தேய்னு தேச்சி, எல்லாம் சரியானப்புறம்தான் கல்யாணம் நடந்துச்சி. சொன்ன சொல்லுல மட்டும் அந்தம்மா மாறவே இல்ல.

ஆல்பத்துல இருக்கற குரூப் ஃபோட்டோவுல, மாப்பிள்ளை பக்கத்துல பொட்டு வெச்சிக்கினு ஃப்ரிட்ஜு நிக்குது. நான் சமையல்காரங்களோட நிக்கறேன்.